கப்பலுக்குள் கடல் வராதிருக்க

மிதிவண்டியின் டியூபில் காற்று நிற்காமல் இறங்கிவிடுகிறது. பழுது பார்க்கும் கடைக்கு எடுத்துச் செல்கிறீர்கள். கடைக்காரர் என்ன செய்கிறார்? டியூபில் காற்றடித்து, தொட்டி நீரில் அதைச் சிறிது சிறிதாக முக்கிப் பார்க்கிறார். எங்கே குமிழி கிளம்புகிறதோ அங்கே ஓட்டை. கண்ணுக்குத் தெரியாத முள் குத்திய இடத்தை அந்தக் குமிழி காட்டிக் கொடுத்துவிடுகிறது.

டியூபுக்குப் பதிலாக 300 மீட்டர் நீளமுள்ள ஒரு சரக்குக் கப்பலை எண்ணிப் பாருங்கள். அதில் எத்தனையோ ஆயிரம் மீட்டர் நீளத்திற்குப் பற்றவைப்புத் தையல்கள் ஓடுகின்றன. கதவுகள், மூடிகள், குழாய்கள், காற்றுப் போக்கிகள் என எண்ணற்ற திறப்புகள் உள்ளன. இவற்றுள் எங்கே கசிவு இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கப்பலைத் தொட்டியில் முக்கிப் பார்க்க முடியாது. கடலில் இறக்கிப் பார்க்கலாம் என்றால், நம் சோதனை முடிவதற்குள் கடல் தன் சோதனையை முடித்துவிடும்! ஆயினும், மிதிவண்டிக் கடைக்காரர் கையாளும் அதே தத்துவம்தான் கப்பல் கட்டும் தளத்திலும் பயன்படுகிறது. அது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

சிறு துளையும் பெருங்கப்பலும்

இரும்புக் குண்டு நீரில் மூழ்குகிறது. இரும்புக் கப்பல் மிதக்கிறது. ஒரு பொருள் எவ்வளவு நீரை விலக்குகிறதோ, அந்த நீரின் எடைக்குச் சமமான விசை அப்பொருளை மேல் நோக்கி உந்துகிறது என்ற ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். கப்பலின் உட்பகுதி பெரும்பாலும் வெற்றிடம். அங்கே இருப்பது காற்று. அந்த இடத்தை நீர் பிடித்துக்கொண்டால் கப்பலின் எடை கூடும்; கப்பல் தாழும். நீர்மட்டத்துக்கு மேலே எஞ்சியுள்ள நீர் புகாத பகுதிதான் கப்பலின் சேமிப்பு. வங்கியில் இருக்கும் சேமிப்பைப் போல, ஆபத்துக் காலத்தில் கப்பல் அதிலிருந்துதான் செலவழிக்கிறது. சேமிப்புத் தீர்ந்தால் கப்பல் மூழ்கும்.

ஒரு சிறு துளை எவ்வளவு நீரை உள்ளே விடும்? கணக்கிட்டுப் பார்ப்போம். நீர்மட்டத்துக்கு 5 மீட்டர் கீழே, 10 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் உள்ள துளை இருப்பதாகக் கொள்வோம். டாரிசெல்லி என்ற இத்தாலிய அறிஞர் 17ஆம் நூற்றாண்டில் கண்ட விதிப்படி, அத்துளை வழியே நீர் வினாடிக்குச் சுமார் 10 மீட்டர் வேகத்தில் பாயும். துளையின் விளிம்பில் நீர்த்தாரை குறுகுவதையும் கணக்கில் கொண்டால், வினாடிக்கு ஏறத்தாழ 60 லிட்டர் நீர் உள்ளே வரும். ஒரு நிமிடத்தில் மூன்றரை டன். ஒரு மணி நேரத்தில் இருநூறு டன்னுக்கு மேல்! கையகலத் துளையின் வேலை இது.

அறை அறையாகப் பிரித்தல்

துளையே விழாத கப்பலைக் கட்ட முடியாது. பாறை மோதலாம், வேறு கப்பல் மோதலாம். ஆகவே, துளை விழுந்தாலும் கப்பல் முழுதும் நீர் பரவாமல் தடுக்க வேண்டும். இதற்காகக் கப்பலின் உட்பகுதியைக் குறுக்குச் சுவர்களால் பல அறைகளாகப் பிரிக்கிறார்கள். இது புதிய யுக்தி அன்று. சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தருகே 1974இல் தோண்டியெடுக்கப்பட்ட 13ஆம் நூற்றாண்டு மரக்கப்பலில் 12 குறுக்குச் சுவர்களும், அவற்றால் பிரிக்கப்பட்ட 13 அறைகளும் இருந்தன.

1912 ஏப்ரலில் பனிப்பாறையில் மோதிய டைட்டானிக் கப்பலில் 15 குறுக்குச் சுவர்களும் 16 அறைகளும் இருந்தன. முன்புறத்து நான்கு அறைகளில் நீர் நிறைந்தாலும் அது மிதக்கும் என்பது கணக்கு. ஆனால் மோதலில் நான்குக்கு மேற்பட்ட அறைகளில் நீர் புகுந்தது. சுவர்களும் கப்பலின் மேல்தளம் வரை எழுப்பப்படவில்லை. முன்பகுதி தாழத் தாழ, ஓர் அறையில் நிரம்பிய நீர் சுவரின் மேல் விளிம்பைத் தாண்டி அடுத்த அறைக்குள் வழிந்தது. பனிக்கட்டி அச்சில் ஊற்றும் நீர் ஒரு குழி நிறைந்ததும் அடுத்த குழிக்கு வழிவதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அதே நிலைதான். கப்பலைக் கட்டிய நிறுவனத்தின் பொறியாளர் எட்வர்டு வைல்டிங், திறப்புகளின் மொத்தப் பரப்பு சுமார் 12 சதுர அடியே இருக்கும் என்று விசாரணையில் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு கதவின் பரப்புக்கும் குறைவு! சுமார் 1,500 பேர் மாண்டனர். இதன் விளைவாக 1914இல் லண்டனில் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான முதல் பன்னாட்டு ஒப்பந்தம் உருவாயிற்று. பலமுறை திருத்தப்பட்டு, 1974ஆம் ஆண்டு வடிவில் அது இன்றும் நடைமுறையில் உள்ளது.

சுவர் கட்டினால் மட்டும் போதாது. அது உண்மையிலேயே நீரைத் தாங்குமா என்று சோதிக்கவும் வேண்டும். ஒரு குழாய் செல்வதற்காகச் சுவரில் போட்ட துளையை அடைக்காமல் விட்டால்கூட, அந்தச் சுவர் இருந்தும் பயனில்லை.

இரு வகைத் தடுப்பு

கப்பல் துறையில் இரண்டு சொற்களை வேறுபடுத்திப் பேசுகிறார்கள். ஒன்று நீர்த்தடுப்பு. குறிப்பிட்ட உயரத்துக்கு நீர் நின்று அழுத்தினாலும், எந்தப் பக்கத்திலிருந்து அழுத்தினாலும் ஒழுகக் கூடாது. கப்பலின் அடிப்பகுதிக்கும், குறுக்குச் சுவர்களுக்கும், அவற்றிலுள்ள கதவுகளுக்கும் இது வேண்டும். மற்றொன்று அலைத்தடுப்பு. எத்தகைய கொந்தளிப்பிலும் மேல்தளத்தில் மோதும் அலைநீரும் மழைநீரும் வெளியிலிருந்து உள்ளே வரக்கூடாது. சரக்கறை மூடிகளுக்கும் மேல்தளக் கதவுகளுக்கும் இது வேண்டும். முன்னது அணைக்கட்டைப் போன்றது. பின்னது கூரையைப் போன்றது. இரண்டுக்கும் சோதனை முறைகள் வேறு.

கட்டும்போது நடக்கும் சோதனைகள்

மரக்கலங்களின் காலத்தில் பலகைகளின் இடுக்குகளில் நாரும் பஞ்சும் திணித்துக் கீல் பூசி அடைத்தார்கள். நம் கடற்கரைத் தச்சர்கள் இதனைக் கலப்பற்று என்பர். பின்னர் இரும்புத் தகடுகளைத் தறையாணி அடித்து இணைத்த காலத்தில், தகட்டின் விளிம்பை உளியால் நசுக்கி இடுக்கை மூடினார்கள். இன்று தகடுகள் பற்றவைக்கப்படுகின்றன. பற்றவைப்பில் ஊசித்துளை அளவு குறை இருந்தாலும் கண்டுபிடித்தாக வேண்டும். அதற்கு நான்கு வழிகள் உள்ளன.

முதலாவது, நீர் நிரப்பிப் பார்த்தல். கப்பலிலுள்ள தொட்டியை நீரால் நிரப்பி, அதன் கூரைக்கு மேலே ஒரு நிமிர்ந்த குழாயில் குறைந்தது 2.4 மீட்டர் உயரத்துக்கு நீர் நிற்கச் செய்கிறார்கள். நீரின் அழுத்தம் அதன் உயரத்தைப் பொறுத்ததே அன்றி அகலத்தைப் பொறுத்ததன்று. ஆகவே மெல்லிய குழாயில் நிற்கும் நீரே தொட்டி முழுவதையும் அழுத்தும். சுவர் புடைக்கிறதா, எங்கேனும் ஈரம் கசிகிறதா என்று ஆய்வாளர் மறுபுறம் நின்று பார்க்கிறார். கசிவை மட்டுமன்றிச் சுவரின் வலிமையையும் காட்டுவதால் இச்சோதனைக்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் ஆயிரக்கணக்கான டன் நீர் வேண்டும். கப்பல் நிற்கும் மேடை அந்த எடையைத் தாங்க வேண்டும். ஆகவே ஒரே வகையான தொட்டிகளில் சிலவற்றை மட்டும் இவ்வாறு சோதிக்கிறார்கள்.

இரண்டாவது, காற்றும் சோப்புக் கரைசலும். மிதிவண்டிக் கடையின் முறை இதுதான், ஆனால் தலைகீழாக! டியூபை நீரில் முக்குவதற்குப் பதிலாக, நீரைத் தையல் மேல் பூசுகிறார்கள். தொட்டியை மூடிக் காற்றைச் செலுத்தி, வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் அதில் ஐந்தில் ஒரு பங்கு வரை ஏற்றிச் சுமார் ஒரு மணி நேரம் வைத்திருப்பார்கள். பிறகு ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டு, வெளிப்புறத் தையல்கள் மேல் சோப்புக் கரைசலைப் பூசுவார்கள். எங்கே நுரை பொங்குகிறதோ அங்கே துளை. சமையல் எரிவாயு உருளையின் வாயில் சோப்பு நீர் தடவிப் பார்ப்பதும் இதே முறைதான்.

இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் என்ன ஆபத்து என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஒன்றரை டன் எடை போல அழுத்துகிறது. 3 மீட்டர் நீள அகலமுள்ள ஒரு தகட்டின் மேல் பதின்மூன்று டன்னுக்கு மேல்! நீரைப் போலன்றிக் காற்று சுருங்கி விரியக் கூடியது. ஆகவே தகடு பெயர்ந்தால் வெடிப்பாகவே முடியும். இதற்கு ஓர் எளிய காவலாள் உண்டு. அதுதான் ‘யு’ வடிவக் குழாய். சோதனை அழுத்தத்துக்கு ஈடான சுமார் ஒன்றரை மீட்டர் நீர் அதில் நிற்கும். அழுத்தம் எவ்வளவு என்பதை அது காட்டும். அளவு மீறினால் குழாயிலுள்ள நீரைத் தள்ளிக்கொண்டு காற்று வெளியேறிவிடும். பள்ளி ஆய்வகத்தில் நீங்கள் கையாண்ட அதே கருவி இங்கே உயிர்களைக் காக்கிறது.

மூன்றாவது, வெற்றிடப் பெட்டி. அடிப்புறம் திறந்த, மேற்புறம் கண்ணாடி பதித்த ஒரு சிறு பெட்டியைச் சோப்புக் கரைசல் பூசிய தையல் மேல் கவிழ்த்து, அதனுள்ளிருக்கும் காற்றில் ஒரு பகுதியை உறிஞ்சுகிறார்கள். தகட்டின் மறுபுறத்துக் காற்று துளை வழியே பாய்ந்து குமிழியாகக் கண்ணாடியில் தெரியும். தொட்டியை மூடவே முடியாத இடங்களில் இது கைகொடுக்கும்.

நான்காவது, நீர் பீச்சுதல். வளிமண்டல அழுத்தத்தைப் போல் இரு மடங்கு அழுத்தத்தில், 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள முனையிலிருந்து, ஒன்றரை மீட்டருக்கு மேற்படாத தொலைவில் நின்று இணைப்புகளின் மேல் நீரைப் பீச்சுவார்கள். மறுபுறம் நிற்பவர் ஒழுகுகிறதா என்று பார்ப்பார். கதவுகளுக்கும் மூடிகளுக்கும் இது ஏற்றது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். இச்சோதனைகளைத் தையல் மேல் வண்ணம் பூசுவதற்கு முன்னரே செய்துவிட வேண்டும். ஏன் தெரியுமா? வண்ணப்பூச்சு சிறு துளைகளை அடைத்து, அன்றைய சோதனையில் கப்பலைத் தேற வைத்துவிடும். சில மாதங்களில் பூச்சு உரியும்போது துளை திறந்துகொள்ளும். அப்பொழுது கப்பல் நடுக்கடலில் இருக்கும்.

சரக்கறை மூடியின் சங்கடம்

சரக்குக் கப்பலில் மிகுந்த தொல்லை தருவது சரக்கறை மூடியே. கோதுமை, சர்க்கரை, சிமெண்டு, இரும்புத் தாது போன்றவற்றை மொத்தமாக ஏற்ற மேல்தளத்தில் அகலமான வாய்கள் தேவை. அவற்றைப் பிரமாண்டமான எஃகு மூடிகளால் மூடுகிறார்கள். மூடியின் விளிம்பில் ரப்பர்ப் பட்டை உண்டு. வாயின் விளிம்பிலுள்ள எஃகுக் கம்பி அந்த ரப்பரில் அமுங்கி நீரைத் தடுக்கும். வீட்டுப் பிரஷர் குக்கரின் மூடியும் இப்படித்தான் அல்லவா?

ஆனால் குக்கர் வளைவதில்லை, கப்பல் வளைகிறது. அலையின் முகடு நடுவில் தாங்கும்போது இரு முனைகளும் தொங்குகின்றன. முகடுகள் இரு முனைகளையும் தாங்கும்போது நடுப்பகுதி தொய்கிறது. ஒவ்வோர் அலைக்கும் மூடிகள் சற்றே அசைகின்றன. ரப்பர் பழையதாகி இறுகிவிட்டால், அமுங்கிய பள்ளம் அப்படியே நின்றுவிடும். மீண்டும் எழும்பி இடைவெளியை அடைக்காது. உள்ளே புகும் உப்பு நீர் தானியத்தைக் கெடுக்கும். சில வகை இரும்புச் சரக்குகள் நீர் பட்டால் சூடேறித் தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். அப்பொழுது கசிவு தீ விபத்தாகவும் மாறக்கூடும்.

மூடியைச் சோதிக்கப் பழைய முறை ஒன்று உண்டு. எஃகுக் கம்பியின் மேல் சாக்கட்டியைத் தேய்த்து, மூடியை மூடித் திறந்தால், ரப்பரில் வெண்கோடு பதிந்திருக்கும். கோடு விட்ட இடத்தில் ரப்பர் தொடவில்லை என்று அறியலாம். ஆனால் ரப்பர் தொட்டதா என்பதைத்தான் சாக்கட்டி சொல்லும். எவ்வளவு அமுங்கியது என்பதைச் சொல்லாது. நீர் பீச்சிப் பார்ப்பதிலும் குறைகள் உண்டு. சரக்கு ஏற்றிய பின் அதைச் செய்வது ஆபத்து. கடுங்குளிரில் நீர் உறைந்துவிடும். மேலும் எந்த இடத்தில் கசிகிறது என்று துல்லியமாகத் தெரியாது.

இதற்கு ஒலியியல் ஒரு வழி காட்டியது. வினாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலி நம் செவிக்கு எட்டுவதில்லை. அதனைக் கேளா ஒலி என்கிறோம். வினாடிக்குச் சுமார் 40,000 அதிர்வுகளை எழுப்பும் கருவியைச் சரக்கறைக்குள் வைத்து மூடியை மூடிவிடுகிறார்கள். அந்த ஒலியின் அலைநீளம் காற்றில் ஒரு செ.மீ.க்கும் குறைவு. அது பருத்த எஃகையும் நன்கு அமுங்கிய ரப்பரையும் கடந்து வருவது அரிது; ஆனால் இடைவெளி இருந்தால் அதன் வழியே வெளிப்படும். ஆய்வாளர் செவிக்கருவி அணிந்து, உணர்கருவியுடன் மூடியின் விளிம்பைச் சுற்றி நடந்து வருவார். மூடி திறந்திருக்கும்போது கிடைத்த அளவை முதலிற் குறித்துக்கொள்வார். மூடிய பின் ஓரிடத்தில் அதில் 10 சதவீதத்துக்கு மேல் கேட்டால், அங்கே ரப்பர் சரியாக அமுங்கவில்லை என்று பொருள். நீர் ஒரு சொட்டும் வேண்டாம். சரக்கு உள்ளே இருந்தாலும் சோதிக்கலாம்.

டெர்பிஷயர் கற்பித்த பாடம்

ஒழுகாத மூடி வலிமையான மூடியாகவும் இருக்குமா? இக்கேள்விக்கு விடை கிடைக்க இருபது ஆண்டுகள் ஆயின.

1980 செப்டம்பரில், கனடாவிலிருந்து ஜப்பானுக்கு இரும்புத் தாது ஏற்றிச் சென்ற டெர்பிஷயர் என்னும் பிரிட்டிஷ் கப்பல், ஜப்பானின் ஒகினாவா தீவுக்கு அப்பால் ஆர்க்கிட் என்ற சூறாவளியில் சிக்கியது. 294 மீட்டர் நீளமுள்ள அக்கப்பல் அபாயக் குறிப்புக்கூட அனுப்பாமல் மறைந்தது. அதிலிருந்த 44 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. என்ன நேர்ந்தது என்று அறிய உறவினர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினர். 1994இல், நாலாயிரம் மீட்டருக்கும் கீழே, கடலடியில் சிதைவுகள் கண்டுபிடிக்கப்பட்டன.

முன்புறத்தில் ஒரு பொருளறையின் மூடியை மாலுமிகள் சரியாகக் கட்டாமல் விட்டதே காரணம் என்று 1998இல் ஓர் அறிக்கை கூறியது. இறந்தவர்கள் மேலேயே பழி விழுந்தது. ஆனால் மீண்டும் நடத்தப்பட்ட விசாரணை 2000ஆம் ஆண்டில் அப்பழியை நீக்கியது. அலைகள் முதலில் கப்பலின் முகப்பிலிருந்த சிறு காற்றுப் போக்கிகளை உடைத்திருக்கின்றன. அவற்றின் வழியே நீர் சிறிது சிறிதாக இறங்கி முன்பகுதியை நிரப்பியிருக்கிறது. கப்பலின் முகப்பு தாழ்ந்தது. அதுவரை முகப்பில் உடைந்து சிதறிய அலைகள் இப்பொழுது முழு உயரத்துடன் முதற் சரக்கறை மூடியின் மேல் விழுந்தன. 1966ஆம் ஆண்டின் பன்னாட்டு விதிகள் அத்தகைய மூடிகள் சதுர மீட்டருக்கு ஒன்றே முக்கால் டன் தாங்கினால் போதும் என்றன. அதாவது, ஒன்றே முக்கால் மீட்டர் உயர நீரின் எடை. சூறாவளி அலைக்கு அது எம்மாத்திரம்? மூடி நொறுங்கியது, அடுத்தடுத்த மூடிகளும் நொறுங்கின.

ஒழுகாதிருத்தல் வேறு, உடையாதிருத்தல் வேறு என்பதை இது உணர்த்தியது. சோப்புக் குமிழியும் கேளா ஒலியும் முதலாவதைத்தான் சொல்லும். இதன்பின் முன்புற மூடிகளுக்கும் காற்றுப் போக்கிகளுக்கும் உரிய வலிமை விதிகள் கடுமையாக்கப்பட்டன.

மூடப்படாத கதவு

எல்லாச் சோதனைகளிலும் தேறிய கதவும், மூடினால்தான் கதவு. 1987 மார்ச் 6ஆம் நாள் பெல்ஜியத்தின் சீபுரூக் துறைமுகத்திலிருந்து ஹெரால்டு ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ் என்ற பயணக் கப்பல் முகப்புக் கதவு திறந்தபடியே புறப்பட்டது. கதவு மூடியிருக்கிறதா என்று காட்டும் விளக்கு எதுவும் மாலுமி மேடையில் இல்லை. வேகம் கூடியதும், ஊர்திகள் நிற்கும் நீண்ட தளத்தில் நீர் புகுந்தது. குறுக்குச் சுவரில்லாத தளத்தில் நீர் ஒரு பக்கம் சாய்ந்தால், கப்பலும் அப்பக்கம் சாய்கிறது. கப்பல் சாயச் சாய இன்னும் நீர் அங்கே ஓடுகிறது. இரண்டொரு நிமிடங்களில் கப்பல் பக்கவாட்டில் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தனர். இன்று இத்தகைய கப்பல்களில், கதவின் நிலையைக் காட்டும் விளக்குகள் மேடையில் இருந்தாக வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு நீண்ட பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து, அட்டை போன்ற பிளாஸ்டிக் துண்டுகளால் நான்கு அறைகளாகத் தடுத்து, ஓரங்களை மெழுகுவர்த்தி மெழுகால் அடையுங்கள். நடுச் சுவர்கள் டப்பாவின் பாதி உயரமே இருக்கட்டும். முதலில் ஓர் அறையில் மட்டும் வண்ண நீரை ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். அடுத்த அறைக்கு வண்ணம் பரவினால் அங்கே கசிவு உள்ளது. நீங்கள் செய்தது நீர் நிரப்பும் சோதனையேதான்! கசிவை அடைத்த பின், சில கூழாங்கற்களைச் சமமாக இட்டு, டப்பாவை வாளி நீரில் மிதக்க விடுங்கள். ஓர் அறையில் நீரை ஊற்றினால் என்ன ஆகிறது? முனையிலுள்ள இரண்டு அறைகளில் ஊற்றினால்? சுவர்களை முழு உயரத்துக்கு ஏற்றிய பின் மீண்டும் செய்தால்? விடைகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அகன்ற தட்டில் சிறிதளவு நீரை ஊற்றி, தளும்பாமல் ஏந்தி நடக்க முயலுங்கள். பிறகு அதே நீரை நான்கு டம்ளர்களில் பிரித்து ஊற்றி, அவற்றை அதே தட்டில் வைத்து நடந்து பாருங்கள். சீபுரூக்கில் நடந்தது என்ன என்று உங்கள் கைகளே சொல்லும்.

ஒரு கப்பலின் ஆயுள் முழுதும் இச்சோதனைகள் ஓய்வதில்லை. ஆண்டுதோறும் பார்வையிடுகிறார்கள், ஐந்தாண்டுக்கு ஒருமுறை விரிவாக ஆராய்கிறார்கள். 1760இல் தோன்றிய லண்டன் லாயிட்ஸ் பதிவகம், 1975இல் தொடங்கப்பட்ட இந்தியக் கப்பல் பதிவகம் போன்ற அமைப்புகளின் ஆய்வாளர்கள் இருண்ட தொட்டிகளுக்குள் விளக்குடன் தவழ்ந்து சென்று தையல்களைப் பார்க்கிறார்கள். அவர்கள் கையிலுள்ள கருவிகள் எளியவை: சோப்பு நீர், சாக்கட்டி, நீர்க்குழாய், ஒரு செவிக்கருவி. கசியும் ரப்பரை மாற்றாமல் பசைப் பட்டையை ஒட்டி மறைத்தால் ஆய்வாளரை ஒருநாள் ஏமாற்றிவிடலாம். ஆனால் அலை ஒவ்வொரு நாளும் சோதிக்கிறது. ஆகவே, கரையில் ஒரு குமிழியைக் கண்டு ஆய்வாளர் சான்றிதழைத் தர மறுத்தால், கப்பலுக்கு உரியவர் வருந்த வேண்டியதில்லை. கடலில் போயிருக்க வேண்டியதை அந்தக் குமிழி கரையிலேயே காட்டிக் கொடுத்துவிட்டது.